மயில்கழுத்து நிறத்தில் ஒரு சோதனை ஓட்டம்

சோதனை ஓட்டத்தில் யார் முதலில் வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. சோதனை ஓட்டத்தில் யாரும் முதலில் வருவதில்லை. அது பந்தயமே அல்ல. இதை நான் வருடத்துக்கு ஒரு முறையாவது யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை விளக்கிய ஆளே அடுத்த வருடம் மறுபடி வந்து கேட்கிறார்.

ஃபார்முலா கார் பந்தயத்தின் சீசன் தொடங்குமுன் எல்லா அணிகளும் ஒரு பாலைவன நாட்டுத் தடத்தில் கூடிப் புதிய கார்களை மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு எரிபொருள் ஊற்றியிருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எஞ்சினை முழுப் பலத்தில் விட்டார்களா, பாதியில் பிடித்து வைத்தார்களா என்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு கார் டாங்கி நிறைய ஊற்றிக்கொண்டு தேய்ந்த டயரில் போகும். இன்னொன்று வெறும் டாங்கியோடு புது டயரில் பறக்கும். சாயங்காலம் இரண்டின் நேரத்தையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அச்சடித்து, "இவர்கள்தான் இந்த வருடத்தின் வேகமான அணி" என்று அறிவித்துவிடுவார்கள். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள்.

நான் நம்புவதில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் தர ஆய்வுப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாம்பிள் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரருக்கு ஒப்புதலுக்குப் போகும் டி-ஷர்ட்டை எங்கள் சாம்பிள் அறையில் இருந்த ஒரே ஒரு டெய்லர்தான் தைப்பார். அவர் கைக்கு ஊசி கூட மரியாதை கொடுக்கும். பிறகு ஆர்டர் வந்ததும் அதே டி-ஷர்ட்டை ஆயிரக்கணக்கில் வேறு நூறு பேர் தைப்பார்கள். இரண்டும் ஒன்று என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆடிட் வருகிற அன்று காலை எல்லோர் முகத்திலும் புது மாஸ்க் இருக்கும். முதலுதவிப் பெட்டியில் பிரிக்காத பஞ்சு இருக்கும். தீயணைப்புக் கருவிக்குப் பொட்டு கூட வைத்திருப்பார்கள்.

ஆனால் இந்த ஊர் அனுபவம் கார் பந்தயத்துக்கு ஒரு விஷயத்தில் உதவாது. இங்கே ஆடிட் அன்று யாரும் தன்னை மோசமாகக் காட்டிக்கொண்டதில்லை. அங்கேயோ நல்ல கார் வைத்திருப்பவன்தான் தன்னை மோசமாகக் காட்டிக்கொள்கிறான். மோசமான கார் வைத்திருப்பவன் கடைசி நாள் கடைசி மணியில் டாங்கியைக் காலி செய்து, புது டயர் மாட்டி ஒரு சுற்று பறந்து, விளம்பரதாரருக்குப் படம் எடுத்து அனுப்புகிறான். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். அதுதான் போன மாசி மாதம் எங்கள் வீட்டில் இத்தனை கூத்துக்கும் காரணம்.

என் மகள் ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்ளும் பதவி அது. தை மாதம் அதை விட்டுவிட்டு திருப்பூர் மண்ணரைப் பகுதியில் ஒரு மாடியைப் பிடித்து, ஏழெட்டு மெஷின் போட்டு, சொந்தமாகத் தைக்கத் தொடங்கினாள். அவளுடைய முதலாளி நல்ல மனிதர். "உன் சேர் அப்படியேதான் இருக்கும். முதல் ஆர்டரை முடிச்சுப் பாரு. சரிப்பட்டு வரலீன்னா வந்து உக்காந்துக்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் அன்பாகச் சொன்னதை அவள் சவாலாக எடுத்துக்கொண்டாள். முதல் ஆர்டர் சொதப்பினால் அந்த நாற்காலிதான் என்று அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த முதல் ஆர்டர் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு ரசிகர் மன்றத்திலிருந்து வந்தது. சினிமா நடிகருக்கு இல்லை, கார் பந்தயத்துக்கு. நாற்பது பேர். அதன் செயலாளர் ஒரு பல் டாக்டர். சீசனின் முதல் பந்தயம் நம் நேரப்படி ஞாயிறு காலையில் வருகிறது. அன்று எல்லோரும் ஒரு ஹாலில் கூடி, ஒரே அணியின் நிறத்தில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பார்ப்பதாகத் திட்டம். எந்த அணி என்பதில்தான் சண்டை. நானும் அந்த மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்க்க ரயிலேறிப் போனவன் என்பதால் அங்கே எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

டாக்டர் போன் செய்தார்.

"சார், நீங்கதானுங்க முடிவு பண்ணோணும். எங்காளுங்க நாப்பது பேரும் நாப்பது டீம் சொல்றாங்க."

"பந்தயத்துல இருக்கறதே பதினொரு டீம்தானுங்களே."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். ஏற்கெனவே ஜெயிச்சுட்டிருக்கற டீம் வேண்டாமுங்க. அதுக்கு ஊரே டி-ஷர்ட் போட்டிருக்கும். மேல வரப்போற டீமா ஒண்ணச் சொல்லுங்க. டெஸ்டிங் முடிஞ்சதும் நீங்க சொல்றதுதானுங்க ஃபைனல்."

சரி என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அணியின் சின்னமோ பெயரோ சட்டையில் வரக்கூடாது. அனுமதி வாங்காமல் அடுத்தவர் சின்னத்தை அச்சடிப்பது குற்றம். இந்த ஊரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் குற்றம் குற்றம்தான். நிறம் மட்டும் போதும் என்றேன். ஆக, அந்தச் சட்டையில் நிறத்தைத் தவிர வேறொன்றும் இருக்கப்போவதில்லை என்று ஆயிற்று. இதையும் நான்தான் ஏற்பாடு செய்தேன்.

சோதனை ஓட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள் வாட்ஸ்அப் குழுவின் சத்தத்தை அணைத்து, பழைய செய்திகளைப் படிக்காமல் ஒதுக்கினேன். அணிகளின் அறிமுக விழா வீடியோக்களையும் பார்க்கவில்லை. புகை, மேளம், கோட் போட்ட ஆட்கள் என்று அதில் காரைத் தவிர எல்லாம் இருக்கும். ஆய்வு செய்கிறவன் காதில் பிறர் கருத்து விழக்கூடாது என்பது அடிப்படை விதி. நான் ஒரு நோட்டில் கோடு போட்டு, அணிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் நாள் மத்தியானத்திலிருந்து என் மனைவி பொறுமையாகத்தான் இருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவளுடைய சீரியல் நேரம் போய்விட்டது.

"ஏனுங்க, நேத்தும் இந்த வண்டிதான் சுத்துச்சு. இன்னிக்கும் இதேதான் சுத்துது. எங்கதான் போகுது?"

"எங்கயும் போகல. மூணு நாள் சோதிக்கறாங்க."

"மூணு நாளாவா? என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல முடிவு சொன்னீங்களே."

"அந்த அனுபவத்துலதான் இப்ப மூணு நாள் எடுத்துக்கறேன்."

அன்று காபி சர்க்கரை இல்லாமல் வந்தது.

நான் வேகமான ஒற்றைச் சுற்றுகளைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு கார் நிறுத்தாமல் பதினைந்து இருபது சுற்று ஓடினால் அதைத்தான் எழுதினேன். பந்தய நாளில் ஓட வேண்டிய ஓட்டம் அதுதான். எரிபொருள் எரிய எரிய கார் இளைக்கும், நேரம் குறைய வேண்டும். டயர் தேயத் தேய நேரம் கூட வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படித் தின்கின்றன என்று பார்த்தால், அந்தக் கார் எவ்வளவு பாரத்தோடு கிளம்பியது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். வர்ணனையாளர்கள் இதையெல்லாம் பேசவில்லை. ஓர் ஓட்டுநர் புதிதாக மீசை வைத்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் முடிவில் பட்டியலில் முதலிடம் பிடித்தது, நான் சொன்ன மாதிரியே, காலி டாங்கிக்காரர்கள். பேப்பரில் அவர்களுக்குத்தான் பெரிய எழுத்து. என் நோட்டில் அவர்கள் கடைசியிலிருந்து இரண்டாவது. பட்டியலில் ஏழாவதாக, யாருடைய கண்ணிலும் படாமல் ஓர் அணி இருந்தது. மயில்கழுத்து நிறக் கார், பக்கவாட்டில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கார் மூன்று நாளும் பாரத்தோடு, அலட்டாமல், சுற்றுக்குச் சுற்று ஒரே நேரத்தில் ஓடியது. நல்ல டெய்லர் தையல் போடுவதைப் போல இருந்தது. என் கணக்கில் அது நான்காவது வேகமான கார். டாக்டருக்கு அதைச் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றார்.

அடுத்தது நிறம். போன் படத்தை அனுப்பி "இந்தக் கலர் வேண்டும்" என்று கேட்ட வாடிக்கையாளர்களோடு என் உத்தியோக காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். திரை என்பது நிறத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனால் பாலைவனத்துக்குப் போய்க் காரைச் சுரண்டி வர முடியாதே. ஆகவே முறையாகச் செய்தேன். மத்தியான வெயிலில் அந்தக் கார் எப்படித் தெரிந்தது, விளக்கு போட்ட பின் எப்படித் தெரிந்தது என்று தனித்தனியாக நிறுத்திப் பார்த்தேன். நிற மாதிரிகள் ஒட்டிய ஷேட் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். இரண்டு வெளிச்சத்திலும் பொருந்தும் ஒரே ஒரு நிறச் சிட்டையைப் பிடித்தேன். அதைச் செய்து முடித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாயப்பட்டறை மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இருபது வருடப் பழக்கம். அந்தச் சிட்டையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"சார், இந்தக் கலரு வேண்டாம்னு சொல்லுதேன். டர்க்கைஸ் கலந்தா என் உசுரை எடுத்துரும். அறுபது டிகிரிக்கெல்லாம் அது மசியாது."

"எண்பது வையுங்க."

"வச்சிருதேன். எனக்கென்ன, கொதிக்கது நானில்லையே."

இரண்டு நாளில் மூன்று சின்னத் துணித்துண்டுகளில் சாயம் ஏற்றி அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தார். நிறம் ஒப்பிடுவதற்கென்றே விளக்கு பொருத்திய வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் இருந்ததுதான் அச்சு அசல். அட்டையின் மூலையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன். மாஸ்டர் அட்டையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"சார், இது அந்தக் காருக்குள்ள கலருதானே?"

"ஆமா."

"எம் மருமவன் அந்த ரேசு பாப்பான். அவன் என்னமோ..." என்று தொடங்கி அட்டையைப் பார்த்தார். "சரி, கையெழுத்துப் போட்டாச்சுல்லா. விடுங்க."

விட்டுவிட்டேன். அவருடைய மருமகன் என்ன சொன்னான் என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் சாம்பிள் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. ஒப்புதல் கையெழுத்து விழுந்த சாம்பிளைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எழுதி மாட்டியவன் நான். ஆளாளுக்குப் பேசினால் எந்த ஆர்டரும் கப்பல் ஏறாது. அந்தப் பலகைக்குக் கீழே பல வருடம் நடமாடியவர் இந்த மாஸ்டர்.

துணி சாயமாகி வந்தது. ஓரம் முதல் ஓரம் வரை சீராக, திட்டில்லாமல் இருந்தது. மாஸ்டரின் கைவண்ணம். முதல் வெட்டுத் துணியை மகள் முருகன் காலண்டருக்கு முன் வைத்து எடுத்தாள். ஒரு டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தாள். அளவெல்லாம் பார்த்து அதற்கும் ஓர் அட்டை கட்டிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். கட்டைவிரல் உயர்த்திய பொம்மை பதிலாக வந்தது. ஆர்டருக்கான நாற்பதும் நான்கு நாளில் தைத்து முடிந்தன.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை மண்ணரை மாடியில் நானும் மகளும் அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவள் போனில் டாக்டரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. "நெஜக் கலரு வந்துருச்சுங்க, பாத்தீங்களா?" என்று கீழே எழுதியிருந்தார்.

கறுப்புக் கார். மூக்கிலும் பின்புற இறக்கையிலும் மாம்பழ மஞ்சள். அதில் மயில்கழுத்து நிறம் மருந்துக்கும் இல்லை.

மகள் மறுபடி ஓட விட்டாள். மூன்றாம் தடவை நான் கையால் மறைத்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன்.

"இது எப்பங்க மாத்துனாங்க?"

"மாத்தலீங்க சார். அறிமுக விழாவுலயே சொன்னாங்களேங்க, அந்த மயில் கலரு டெஸ்டிங்குக்கு மட்டும்னு. நெஜக் கலர ரேஸ் வாரத்துலதான் காட்டுவோம்னாங்க. குரூப்புல கூடப் போட்டிருந்தேனுங்களே."

"அப்ப சாம்பிள் படம் பாத்தப்ப ஏனுங்க சொல்லல?"

"நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்களேங்க."

"போட்டா?"

"உங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டனுங்க சார். டெஸ்டிங்க அவ்வளவு ஆராய்ச்சி பண்ணுனீங்க. அதனால டெஸ்டிங் கலரே இருக்கட்டும்னு நெனச்சிருப்பீங்கன்னு..."

இந்த மனிதர் நோயாளியின் வாயைத் திறந்து பார்த்து, கெட்ட பல்லைக் கெட்ட பல் என்று சொல்லும் தொழிலில் இருக்கிறார். எனக்கு மட்டும் சொல்ல மரியாதை தடுத்துவிட்டது. எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். ஒருவன் குழியை நோக்கி நடந்தால், "பாத்துங்க" என்பதைக் கூட அவனுக்கு மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே விழ விட்டுவிடுவோம்.

மாஸ்டர் தன் மருமகன் சொன்னதாகச் சொல்ல வந்ததும் இதுதான் என்று அன்று மத்தியானம் தெரிந்தது. உலகத்துக்கே சோதனை ஓட்டத்தை நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தவன், சோதனை ஓட்டத்தில் பார்த்த பெயிண்ட்டை வெளிச்சப் பெட்டியில் வைத்து ஒப்புதல் கொடுத்திருக்கிறேன்.

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அயர்ன் டேபிளில் சாய்ந்து, அடுக்கி வைத்த மயில்கழுத்துச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தச் சேர்ல குஷன் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"முதல்ல வாடிக்கையாளருக்கு எழுத்துல தெரிவிக்கோணும்" என்றேன். "குறை என்ன, காரணம் என்ன, திருத்தம் என்ன, மறுபடி வராம இருக்க என்ன செய்யப்போறோம்னு நாலு பத்தி..."

"நீங்க எழுதுங்கப்பா. நான் அதுக்குள்ள பட்டறைக்குப் பேசிடறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மாஸ்டரிடம் கேட்டாள். "அண்ணே, தைச்ச டி-ஷர்ட்ட அப்படியே கறுப்புல போட முடியுமா?"

"கறுப்புக்குள்ள எதையும் அமுக்கிரலாம்மா. நூலுதான் ஏறாது பாத்துக்கோ. துணி காட்டன், தையல் நூலு பாலியஸ்டர். துணி கறுப்பாயிரும், தையலு பூரா மயிலு கலர்லேயே நிக்கும்."

"நிக்கட்டும்ணே."

"சுருங்கவும் செய்யும்."

"எவ்வளவு?"

"எக்ஸெல் சைஸு போட்டவுக மூச்சைப் பிடிச்சுக்கிட்டா எல்லுல அடங்கிருவாக."

நான் குறுக்கிட்டேன். தைத்த ஆடையைச் சாயமிடுவதற்கென்று தனி முறை உண்டு, அதற்குத் துணியை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும், நூல் காட்டனாக இருக்க வேண்டும், மடிப்புகளில் சாயம் ஒழுங்காக ஏறாது, சாயம் போகிறதா என்று சோதித்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்னது அத்தனையும் சரி. மகள் முழுவதும் கேட்டாள்.

"எல்லாம் செய்யலாங்கப்பா. அதுக்குள்ள அடுத்த சீசன் டெஸ்டிங் வந்துரும்."

போனில் மாஸ்டர் சிரிப்பது கேட்டது. "கறுப்புக்கும் சாம்பிள் அட்டை வேணுமா சார்? கையெழுத்துக்குக் கொண்டாரவா?"

"கறுப்புலயே எத்தனை கறுப்பு இருக்கு தெரியுமா? சிவப்பு ஓட்டம், நீல ஓட்டம்..."

"கொண்டு வாங்கண்ணே" என்றாள் மகள். "நான் போட்டுக்கறேன்."

அன்று சாயங்காலம் அட்டை வந்தது. அவள்தான் பார்த்தாள், அவள்தான் கையெழுத்துப் போட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள், வெளிச்சப் பெட்டியைத் தேடவில்லை. நான் வாயைத் திறந்தேன். என் பலகை ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

டாக்டரிடம் அவளே பேசினாள். நான் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் இருந்தேன். "அப்பா பாத்தது டெஸ்டிங் கலருங்க. தப்பு எங்களுது. கறுப்பாக்கித் தரேன். தையல் மட்டும் மயில் கலர்ல தெரியும். அரை சைஸ் சின்னதாவும் ஆகும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, மரியாதை பாக்காதீங்க." நேராகக் கேட்கப்பட்ட கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவர் திணறியிருக்க வேண்டும். கடைசியில், "கொண்டுவாங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார். அது சரி என்பதா, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன் என்பதா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சட்டைகள் வந்தன. கறுப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் தோள், கை, கழுத்து, ஓரம் என்று எங்கெல்லாம் ஊசி போனதோ அங்கெல்லாம் மயில்கழுத்துப் புள்ளிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு தையலும் என்னைப் பார்த்தது. பழைய பழக்கத்தில் செக்கிங் மேசையில் உட்கார்ந்தேன். குறை இருக்கும் இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, தோள் தையலில் ஒன்று, கழுத்தில் ஒன்று, கையில் இரண்டு என்று ஒட்டிக்கொண்டே போனேன். பத்துச் சட்டை தாண்டவில்லை, ஒரு தாள் ஸ்டிக்கர் தீர்ந்தது. என் விதிப்படி நாற்பதும் தேறாது.

மகள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் ஒட்டியதை ஒவ்வொன்றாக உரித்தாள்.

"ஒண்ணு ரெண்டுல இருந்தாத்தான் குறைங்கப்பா. நாப்பதுலயும் ஒரே எடத்துல இருந்தா டிசைனு."

"இதைத்தான் எல்லாத் திருட்டுப் பசங்களும் என்கிட்டச் சொல்வாங்க."

"நீங்க பாஸ் பண்ணுவீங்களா?"

"மாட்டேன்."

"நான் பண்ணிட்டேன். தள்ளிக்கோங்க, மடிக்கோணும்."

சனிக்கிழமை அவளே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஞாயிறு காலை என்னையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடி அது. வாசலில் நின்று பார்த்தேன். நாற்பது பேரும் கறுப்பில் இருந்தார்கள். டாக்டருக்கு வயிற்றில் சட்டை இறுகி, தையல் புள்ளிகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன. மகள் என் பின்னாலேயே நின்றாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

டாக்டர் எங்களை நோக்கி வந்தார். "என்னம்மா, ஒரு குழப்பமாயிருச்சுங்களே" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டார். "எங்காளுங்க பன்னெண்டு பேரு இன்னொண்ணு கேக்கறாங்க. சம்சாரத்துக்கு, அண்ணனுக்குன்னு. இதே தையலோட வேணுமாம். நூல மாத்திராதீங்க."

உள்ளே போய் உட்கார்ந்ததும், எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் தோள்பட்டையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். மேலே கறுப்பு, அது பந்தயக் கலர். உள்ளே ஓடுவது டெஸ்டிங் கலர். சீசனுக்கு முன்னாடியே இந்த அணியைக் கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும்தான் இது புரியும். இதை யோசித்தவர் திருப்பூரில் ஒரு பெரியவர். நான் நாற்காலியை இரண்டு வரிசை பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பந்தயம் நடந்தது. சோதனை ஓட்டத்தில் முதலிடம் பிடித்து பேப்பரில் பெரிய எழுத்தில் வந்த அணி கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தது. வர்ணனையாளர் அதைப் பெரிய ஆச்சரியம் என்றார். எங்கள் கறுப்புக் கார் அலட்டாமல், சுற்றுக்குச் சுற்று ஒரே நேரத்தில் ஓடி, நான்காவதாக வந்தது. என் நோட்டில் இருந்தபடி நான்காவது. யாரும் என்னிடம் வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டுப் பேர் தையலைப் பாராட்டினார்கள்.

திங்கட்கிழமை மகளின் பழைய முதலாளி போன் செய்தார். நான் அப்போது மண்ணரை மாடியில்தான் இருந்தேன். ஆர்டர் எப்படிப் போயிற்று என்று அவர் கேட்டிருப்பார் போலிருக்கிறது. "முழுசாச் சொன்னா நம்ப மாட்டீங்க சார்" என்றாள். பிறகு, "அந்தச் சேர்ல வேற யாரையாச்சும் உக்கார வெச்சுக்கோங்க" என்றாள். போனை வைத்துவிட்டு அடுத்த பன்னிரண்டுக்குக் கறுப்புத் துணியும் மயில்கழுத்து நூலும் எழுதினாள். குறையை இனிமேல் திட்டமிட்டே தைக்கப்போகிறோம்.

அப்போதுதான் கவனித்தேன். வெட்டும் மேசைக்கு மேலே ஓர் ஆணியில் அந்த முதல் டி-ஷர்ட் தொங்கியது. சாயம் போடாமல் தப்பிய ஒரே ஒரு மயில்கழுத்து. நான் கட்டிய ஒப்புதல் அட்டை அதில் ஆடிக்கொண்டிருந்தது. என் கையெழுத்து வாசலிலிருந்தே தெரிந்தது.

"ஆர்டர்தான் போயாச்சே, அதக் கழட்டிரு" என்றேன்.

"ஒப்புதல் சாம்பிள ஷிப்மென்ட் போனதுக்கப்புறமும் ஒரு வருஷம் எல்லாரும் பாக்கற எடத்துல தொங்க விடோணும்" என்றாள் அவள், துணியை விரித்துக்கொண்டே. "நீங்க எழுதுன விதிதானுங்கப்பா."

அந்த விதியை நான்தான் எழுதினேன். அதில் விலக்கு எதுவும் வைக்கவில்லை. நேற்றுக்கூடப் போய்ப் பார்த்தேன், தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.